மாணிக்கம்: மண்ணில் விளைந்ததா, உலையில் வளர்ந்ததா? கண்டுபிடிக்கும் வழி

மாணிக்கக் கல் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் போதும், ஆளுக்கொரு சோதனை சொல்லிக் கொடுப்பார்கள். பாலில் போடு, பால் சிவந்தால் அசல். கண்ணாடியில் கீறு, கோடு விழுந்தால் அசல். நாக்கில் வை, சில்லென்று இருந்தால் அசல். லைட்டரில் காட்டு, ஒன்றும் ஆகவில்லை என்றால் அசல். இதையெல்லாம் முதலில் மறந்துவிடுங்கள். எந்தச் சிவப்புக் கல்லைப் பாலில் போட்டாலும் அதைச் சுற்றி லேசாகச் சிவப்பு தெரியத்தான் செய்யும். பாலே நிறம் மாறினால் அது சாயம் ஏற்றிய கல். கீறுவதும் நாக்கில் வைப்பதும் வெறும் கண்ணாடித் துண்டை ஒதுக்க ஓரளவு உதவும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. லைட்டர் சோதனை உண்மையிலேயே ஆபத்தானது, சில வகைக் கற்களை அது ஒரே நிமிடத்தில் பாழாக்கிவிடும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இந்தச் சோதனைகள் ஏன் தோற்கின்றன என்றால், உலையில் வளர்த்த மாணிக்கமும் மாணிக்கம்தான். மாணிக்கம் என்பது குருந்தம் என்ற கனிமம், அதாவது அலுமினியம் ஆக்சைடு படிகம். சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. அதற்குள் கொஞ்சம் குரோமியம், ஒரு சதவீதம் வாக்கில், புகுந்துவிட்டால் சிவப்பாகிவிடும். உலையில் செய்கிறவர்களும் அதே அலுமினியம் ஆக்சைடைத்தான் எடுக்கிறார்கள், அதே குரோமியத்தைத்தான் கலக்கிறார்கள். ஆகவே கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 9, அடர்த்தி 4, ஒளிவிலகல் எண் 1.762இலிருந்து 1.770 வரை, எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். கடைக்காரர் கருவியில் வைத்துக் காட்டி, "பாருங்க சார், ரூபின்னு காட்டுது" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்க வந்த கேள்விக்கு அது பதில் ஆகாது. வைரம் சோதிக்கும் பேனாவும் அப்படித்தான், இந்த வேலைக்கு அது உதவவே உதவாது.

கல்லின் வெளிப்புறம் எதையும் சொல்லாது என்றால் உள்ளே பார்க்க வேண்டியதுதான். பூமிக்குள் மெதுவாக விளைந்த படிகத்துக்குள் ஒரு மாதிரி அடையாளங்கள் இருக்கும், உலையில் சில மணி நேரத்தில் வளர்ந்ததற்குள் வேறு மாதிரி இருக்கும். இந்த விஷயம் முழுக்க அந்த அடையாளங்களைப் படிப்பதுதான். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று, முனை கூர்மையில்லாத இடுக்கி ஒன்று, நல்ல டார்ச் ஒன்று இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். மீதிப் பாதிக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அதை மறைத்து, வீட்டிலேயே எல்லாம் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

முதலில் ஒரு சின்ன வடிகட்டல். மாணிக்கமே இல்லாத சிவப்புக் கற்கள் நிறைய இருக்கின்றன: கண்ணாடி, கார்னெட், ஸ்பினல், சிவப்பு டூர்மலின். பிரிட்டிஷ் அரச கிரீடத்தின் முன்பக்கம் நடுவில் இருக்கும் பெரிய சிவப்புக் கல்லைப் 'பிளாக் பிரின்ஸ் ரூபி' என்று இன்றும் அழைக்கிறார்கள். அது மாணிக்கம் இல்லை, ஸ்பினல். மாணிக்கத்துக்கு ஒரு குணம் உண்டு: ஒரு திசையில் பார்த்தால் ஊதா கலந்த சிவப்பு, இன்னொரு திசையில் ஆரஞ்சு கலந்த சிவப்பு. டைக்ரோஸ்கோப் என்ற சிறிய குழாயில் பார்த்தால் இந்த இரண்டு நிறமும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். அது இல்லை என்றால் போலரைஸ்டு கூலிங் கிளாஸின் ஒரு கண்ணாடி வழியாகக் கல்லைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைச் சுழற்றுங்கள், கல்லையும் இப்படி அப்படித் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் நிறம் துளியும் மாறவில்லை என்றால் கண்ணாடி, கார்னெட், ஸ்பினல் மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். மாறினால் மாணிக்கம் என்று வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம் (டூர்மலினும் நிறம் மாறும், ஆனால் அது எடை குறைந்த கல், கருவியில் உடனே பிடிபடும்).

உலையில் எப்படி வளர்கிறது

இதைத் தெரிந்துகொண்டால்தான் லென்ஸில் எதைத் தேடுவது என்று புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒகுஸ்த் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902இல் ஒரு முறையை அறிவித்தார். மேலே ஒரு டப்பாவில் நைஸான அலுமினியம் ஆக்சைடு தூள், அதோடு குரோமியம். ஒரு சிறிய சுத்தியல் டப்பாவைத் தட்டத் தட்டத் தூள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உதிரும். வழியில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எரியும் சுடர், 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல். தூள் அந்தச் சுடரிலேயே உருகி, கீழே சுழலும் தண்டின் முனையில் துளித்துளியாகப் படிந்து, சில மணி நேரத்தில் ஒரு விரல் அளவுக் கட்டியாக வளர்ந்துவிடும். இதன் மேல்பகுதி எப்போதும் குவிந்த வளைவாகவே இருக்கும், ஒவ்வொரு புதிய படலமும் அந்த வளைவின் மேலேயே படியும். இந்த இடத்தை மறக்காதீர்கள். படிகம் முழுக்க அந்த வளைவுகள் பதிவாகிவிடும், பிறகு எப்படி வெட்டினாலும் தீட்டினாலும் போகாது.

அப்புறம் உருகிய குழம்பிலிருந்து படிகத்தை மெல்ல மேலே இழுத்து வளர்க்கும் முறை வந்தது, செக்ரால்ஸ்கி முறை என்பார்கள். இதில் வரும் கல் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். கைக்கடிகாரத்தில் 17 ஜுவல், 21 ஜுவல் என்று எழுதியிருக்குமே, அவை எல்லாமே செயற்கை மாணிக்கம்தான். 1960 மே மாதம் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை ஒளிரச் செய்ததும் ஒரு செயற்கை மாணிக்கத் தண்டை வைத்துத்தான். செயற்கைக் கல்லை மட்டமாக நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அந்த வேலைக்கு இயற்கைக் கல் சரிப்பட்டே வராது.

மூன்றாவது வகைதான் நிபுணர்களையே திணறடிப்பது. ஒரு ரசாயன உப்புக் குழம்பில் அலுமினியம் ஆக்சைடைக் கரைத்து, மாதக் கணக்கில் மெதுவாகக் குளிரவிட்டு வளர்ப்பார்கள். பிளக்ஸ் முறை என்று பெயர். அமெரிக்காவில் கேரல் சாத்தம் 1950களின் கடைசியில் இப்படி வளர்த்த மாணிக்கத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னால் கஷான், ரமௌரா, கிரீஸ் நாட்டின் டூரோஸ் என்று பலர் வந்தார்கள். மெதுவாக வளர்வதால் இதன் உள்ளே இருக்கும் அடையாளங்கள் இயற்கைக் கல்லினுடையதை ஒத்திருக்கும், விலையும் வெர்னுய் கல்லைவிடப் பல மடங்கு. ஆனால் நம் ஊர்க் கடைகளில் நீங்கள் சந்திக்கப்போகும் செயற்கைக் கல்லில் மிகப் பெரும்பாலானவை வெர்னுய் வகைதான், ஏனென்றால் அதுதான் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பது.

லென்ஸை எடுப்பதற்கு முன்

கல்லைக் கையில் வாங்கியதும் சும்மா பாருங்கள். இரண்டு காரட்டுக்கு மேல், நல்ல சிவப்பு, உள்ளே ஒரு தூசிகூட இல்லை, விலை சில ஆயிரம்தான் என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதே இல்லை. இயற்கையில் அப்படி ஒரு கல் கிடைத்தால் அது ஏல நிறுவனத்துக்குப் போகும், உங்கள் தெருமுனைக்கு வராது. 2015 மே மாதம் ஜெனீவாவில் சோதபீஸ் ஏலத்தில் 25.59 காரட் 'சன்ரைஸ் ரூபி' 3 கோடி டாலருக்கு மேல் போனது. மொசாம்பிக்கில் எடுத்த 55.22 காரட் 'எஸ்த்ரெலா தெ ஃபுரா' 2023 ஜூனில் நியூயார்க்கில் சுமார் 3.48 கோடி டாலருக்கு விற்றது. ஒரு காரட் என்பது வெறும் 0.2 கிராம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டிகை, மாங்காய் மாலை மாதிரி நிறையக் கல் வைத்த நகை என்றால் ஒரு கல்லைப் பார்க்காதீர்கள், வரிசையைப் பாருங்கள். இயற்கைக் கல்லில் முப்பது கல்லை ஒரே நிறத்தில் சேர்ப்பது பெரிய வேலை. ஒன்று கொஞ்சம் ஊதா அடிக்கும், ஒன்று வெளிறியிருக்கும், ஒன்றுக்குள் மங்கலாக ஏதாவது தெரியும். முப்பதும் அச்சு வார்த்தது போல ஒரே சிவப்பு என்றால் அது செயற்கை, இல்லாவிட்டால் கண்ணாடி. பரதநாட்டியத்துக்குப் போடும் கோயில் நகை செட்டில் இருக்கும் கெம்புக் கல் பெரும்பாலும் இப்படித்தான், அதை யாரும் மறைப்பதும் இல்லை, அதில் தவறும் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "இது எங்க பாட்டி நகை, அந்தக் காலத்துல ஏது செயற்கைக் கல்லு, எல்லாம் பர்மா கெம்புதான்" என்பார்கள். 1902 என்ற வருஷத்தை மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே வெர்னுய் கற்கள் உலகம் முழுக்கப் பரவிவிட்டன. 1930இல் கல்யாணம் ஆன பாட்டியின் மூக்குத்தியில் செயற்கை மாணிக்கம் இருக்கத் தாராளமாக வாய்ப்பு உண்டு. திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் பல தலைமுறையாக நடக்கிறது. பர்மாவோடு கொடுக்கல் வாங்கல் இருந்த குடும்பங்களில், அங்கே மோகோக் என்ற ஊரில் எடுத்த அசல் கல் இருப்பதும் உண்மை. இரண்டுமே ஒரே பெட்டிக்குள் இருக்கலாம், ஒரே நகையில்கூட இருக்கலாம், விழுந்துபோன கல்லுக்குப் பதிலாகப் பத்தர் வேறு கல்லைக் கட்டிக் கொடுத்திருப்பார். நகை பழையது என்பது கல்லுக்குச் சாட்சி ஆகாது.

லென்ஸில் பார்க்கும் முறை

கல்லை மெல்லிய துணியால் நன்றாகத் துடையுங்கள், விரல் பட்ட எண்ணெய் இருந்தால் அதுவே ஏமாற்றும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்து, கல்லை லென்ஸை நோக்கி ஒரு அங்குலம் வரை கொண்டு வாருங்கள். நிறையப் பேர் லென்ஸைக் கல்லின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்ப்பார்கள், அப்படி ஒன்றும் தெரியாது. மேல்பக்கம் வழியாகப் பார்ப்பதை விடக் கல்லைக் கவிழ்த்து அடிப்பக்கம் வழியாகவும் பக்கவாட்டிலும் பார்ப்பது நல்லது. டார்ச்சை நேராக அடிக்காமல், இடையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து வெளிச்சத்தைப் பரவவிடுங்கள். பட்டைகளில் பளபளக்கும் பிரதிபலிப்பு தொந்தரவு செய்தால் ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கல்லை அதில் போட்டு, கிண்ணத்துக்கு அடியிலிருந்து வெளிச்சம் விட்டுப் பாருங்கள். பேபி ஆயில் ஊற்றினால் இன்னும் தெளிவு, ஆனால் கண்ணாடி நிரப்பிய கல்லோ ஒட்டுக் கல்லோ (இரண்டையும் பற்றிக் கீழே சொல்கிறேன்) என்று சந்தேகம் இருந்தால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திருப்புங்கள். நீங்கள் தேடுவது வளைந்த கோடுகள். பழைய இசைத்தட்டில் இருக்கும் வரிகள் மாதிரி, மெலிதாக, நெருக்கமாக, எல்லாம் ஒரே பக்கம் வளைந்து ஒன்றன் பின் ஒன்றாக ஓடும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும்தான் தெரியும், கொஞ்சம் திருப்பினால் மறைந்துவிடும், அதனால்தான் பொறுமை வேண்டும். தெரிந்துவிட்டால் சந்தேகமே இல்லை, அது வெர்னுய் உலையில் வளர்ந்தது. பூமிக்குள் படிகம் தட்டையான முகங்களாகத்தான் வளரும், அதன் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும், ஒன்றோடு ஒன்று கோணமாகச் சந்திக்கும். வளையவே வளையாது.

இதில் ஒரு குழப்பம் வரும். பட்டை தீட்டும்போது விழுந்த கீறல்களும் கோடாகத்தான் தெரியும். அதைப் பிரிக்க வழி உண்டு. மேற்பரப்பில் விழுந்த கீறல் ஒரு பட்டையோடு நின்றுவிடும், அடுத்த பட்டையில் அதன் திசை மாறும். உள்ளே இருக்கும் வளர்ச்சிக் கோடு பட்டைகளின் ஓரத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்து வாயுக் குமிழிகள். சுடரில் உருகும்போது உள்ளே சிக்கிய காற்று உருண்டையாக, சில நேரம் வாலோடு நீண்டு, கருத்த விளிம்போடு தெரியும். தனியாகவும் இருக்கும், கூட்டமாக மேகம் போலவும் இருக்கும். குறைந்த பெருக்கத்தில் வெறும் கரும்புள்ளியாகத் தெரிவதால் "பாருங்க, உள்ள அழுக்கு இருக்கு, அசல் கல்லு" என்று இதையே காட்டி விற்பவர்கள் உண்டு. விளிம்பை உற்றுப் பாருங்கள்: வழவழவென்று உருண்டையா, மூலை முனையோடு படிகமா? உருண்டை என்றால் அது உலைக் கல் அல்லது வெறும் கண்ணாடி.

பட்டைகளின் ஓரத்தையும் கவனியுங்கள். மலிவான செயற்கைக் கல்லை அவசர அவசரமாகத் தீட்டுவதால் ஓரங்களில் வரிசையாகச் சின்னச் சின்ன விரிசல் தழும்புகள் விழுந்திருக்கும். இயற்கைக் கல்லைத் தீட்டுகிறவர் எடை போய்விடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து வெட்டுவார், அதனால் அடிப்பக்கம் தொந்தி விழுந்திருக்கும், ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எல்லாப் பட்டையும் கச்சிதமாக இருக்கும் செயற்கைக் கல்லைவிட இந்தக் கோணல் கல் எத்தனையோ மடங்கு விலை போகும். ஆனாலும் இவை துணைச் சாட்சிகள்தான், இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இயற்கைக் கல் என்றால் உள்ளே என்ன தெரியும்? முதலில் பட்டு. ரூட்டைல் என்ற கனிமத்தின் மெல்லிய ஊசிகள், 60 டிகிரிக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, டார்ச் ஒளி பக்கவாட்டில் விழும்போது வெள்ளையாக மின்னும். பர்மாக் கல்லில் இந்த ஊசிகள் குட்டையாகவும் அடர்த்தியாகவும், இலங்கைக் கல்லில் நீளமாகவும் இருப்பது வழக்கம். கல்லைச் சூடு பண்ணியிருந்தால் ஊசி உடைந்து புள்ளி வரிசையாகத் தெரியும். அப்புறம் விரல் ரேகை: படிகத்தில் ஏற்பட்ட விரிசல் பூமிக்குள்ளேயே ஆறும்போது அங்கே தங்கிய திரவத் துளிகள் ரேகை மாதிரி வளைந்து வளைந்து பரவியிருக்கும். அப்புறம் குட்டிக் குட்டிப் படிகங்கள், சிர்கான் படிகத்தைச் சுற்றி வட்டமான விரிசல் ஒளிவட்டம். இலங்கையின் இரத்தினபுரியில் எடுத்த ஒரு நல்ல கல்லை லென்ஸில் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஊசியும் ரேகையும் படிகமும் அடுக்கடுக்காக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். குறை என்று ரத்தின சாஸ்திரம் ஒதுக்கும் சில விஷயங்கள்தான் இங்கே கல்லுக்குப் பிறப்புச் சான்று.

இப்போது ஏமாற்று வேலையைச் சொல்கிறேன். வெர்னுய் கல்லை நன்றாகச் சூடாக்கிச் சட்டென்று தண்ணீரில் போடுவார்கள். உள்ளே வலைப்பின்னலாக விரிசல் விடும். லென்ஸில் பார்ப்பவருக்கு அது விரல் ரேகை மாதிரித் தோன்றும். சிலர் அந்த விரிசலுக்குள் ரசாயனத்தைப் புகுத்தி ஆறவும் வைப்பார்கள், அப்போது இன்னும் ஒத்துப்போகும். விரல் ரேகை தெரிந்தவுடன் நிம்மதி அடையாமல் வளைந்த கோட்டைத் தேடிக்கொண்டே இருங்கள். வளைகோடு ஒன்று தெரிந்தால் மற்ற எல்லாச் சாட்சியும் தள்ளுபடி.

பிளக்ஸ் கல்லை லென்ஸில் பிரிப்பது சாதாரண ஆளுக்கு முடியாத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே புகை சுழன்ற மாதிரித் திரைகள் இருக்கும், வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ தடித்த ரசாயன மிச்சம் இருக்கும், சில கல்லில் கொப்பரையிலிருந்து பெயர்ந்த பிளாட்டினத் துணுக்குகள் முக்கோணமாக, அறுகோணமாக வெள்ளி நிறத்தில் மின்னும். பிளாட்டினம் தெரிந்தால் சந்தேகமில்லை. தெரியவில்லை என்றால் ஆய்வுக்கூடம்தான்.

அல்ட்ராவயலட் டார்ச் இப்போது ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கிறது, 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். இருட்டறையில் அடித்தால் செயற்கை மாணிக்கம் நன்றாகச் சிவந்து ஒளிரும். ஆனால் மோகோக் மாணிக்கமும் அப்படியே ஒளிரும், ஏனென்றால் பளிங்குப் பாறையில் விளைந்த அதில் இரும்பு மிகக் குறைவு. தாய்லாந்து, கம்போடியா பக்கத்து எரிமலைப் பாறைக் கற்களில் இரும்பு அதிகம், அதனால் மங்கலாகத்தான் ஒளிரும் அல்லது ஒளிரவே ஒளிராது. ஆக, "தாய்லாந்துக் கல்" என்று சொல்லிக் கொடுத்தது பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். பர்மாக் கல் என்று சொன்னது ஒளிர்ந்தால் அதில் எதுவும் நிரூபணமாகவில்லை. சிவப்பு ஸ்பினலும் ஒளிரும், அதையும் நினைவில் வையுங்கள்.

கண்ணாடி நிரப்பிய கல்

என் கருத்தில் இன்று வாங்குகிறவருக்குச் செயற்கைக் கல்லைவிடப் பெரிய ஆபத்து இதுதான், அதுவும் "இயற்கைக் கல்" என்ற பெயரோடு வருவதால். 2004 வாக்கில் சந்தைக்கு வந்தது. விரிசல் மலிந்து, நகைக்கே உதவாத மட்டமான குருந்தத்தை எடுத்து, ஆசிடில் கழுவி, ஈயம் அதிகம் சேர்ந்த கண்ணாடியை உருக்கி விரிசல்களுக்குள் நிரப்புவார்கள். ஈயக் கண்ணாடியின் ஒளிவிலகல் மாணிக்கத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுவதால் விரிசல் கண்ணுக்கு மறைந்து, கல் தெளிவாகத் தெரியும். சில கல்லில் கண்ணாடியை எடுத்துவிட்டால் மிச்சக் கல் துண்டு துண்டாகப் போகும். முதலில் சொன்ன லைட்டர் சோதனை பாழாக்குவது இந்த வகைக் கல்லைத்தான்.

லென்ஸில் பிடிப்பது இதில் சுலபம். கல்லை ஆட்டி ஆட்டிப் பாருங்கள், விரிசல் இருக்கும் இடத்தில் நீலமாகவோ ஆரஞ்சாகவோ ஒரு மின்னல் வந்து வந்து போகும். விரிசலின் தளத்துக்குள் தட்டையான குமிழிகள் சிக்கியிருக்கும். மேற்பரப்பில் வெளிச்சம் வழுக்கிப் போகும்படி பிடித்தால், விரிசல் வெளியே வரும் கோட்டில் மட்டும் பளபளப்பு குறைந்து தெரியும்.

சாதாரணச் சூடு பண்ணுதல் இதில் சேராது. சந்தையில் இருக்கும் இயற்கை மாணிக்கத்தில் பெரும்பாலானவை சூடு பண்ணியவைதான், அது நிலையானது, வியாபாரத்தில் ஏற்றுக்கொண்டது. சொல்லிவிட்டு விற்றால் போதும். சூடே பண்ணாத கல்லுக்கு விலை கூடுதல்.

இன்னும் சில

பின்புறம் தங்கத்தால் மூடிக் கல் கட்டிய நகையில் மேற்சொன்ன எதையும் சரியாகப் பார்க்க முடியாது. கல்லுக்கு அடியில் வண்ணத் தகடு வைத்திருந்தால் வெளிறிய கல்லும் செக்கச்செவேல் என்று தெரியும். விலை அதிகம் சொல்கிறார்கள் என்றால் கல்லைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், இல்லை என்றால் கல்லுக்கு எதுவும் கொடுக்காமல் தங்கத்துக்கு மட்டும் விலை பேசுங்கள்.

மேலே மெல்லிய இயற்கைக் கல், கீழே செயற்கை மாணிக்கம் என ஒட்டிய கற்களும் உண்டு. தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டிய கோடும் அந்தத் தளத்தில் குமிழிகளும் தெரியும்.

வெளிச்சத்தில் நட்சத்திரம் போல ஒளிக்கோடுகள் தெரியும் நட்சத்திர மாணிக்கம் 1947இலேயே அமெரிக்காவின் லிண்டே நிறுவனத்தால் செயற்கையாக வந்துவிட்டது. நட்சத்திரம் கோடு போட்டது போலக் கூர்மையாக, மேற்பரப்பிலேயே எழுதியது போல இருந்தால் செயற்கை. மைசூர்ப் பக்கம் கிடைக்கும் இயற்கை நட்சத்திரக் கல்லில் கால்கள் கொஞ்சம் தடித்து, கோணி, உள்ளேயிருந்து எழுவது போல இருக்கும், அடிப்பக்கம் கரடுமுரடாக விட்டிருப்பார்கள்.

சுற்றுலா போன இடத்தில், சுரங்க வாசலில், பட்டை தீட்டாத கல்லை வாங்காதீர்கள். வெர்னுய் கட்டியை உடைத்து, உருட்டித் தேய்த்து, மண் பூசி ஆற்றுக் கல் மாதிரி ஆக்குவது பழைய வித்தை. இரத்தினபுரியிலும் நடக்கும், மோகோக்கிலும் நடக்கும். சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாங்கினோம் என்பது எந்த உத்தரவாதமும் தராது.

வாங்கும்போது

"ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், சொல்வதும் ஒருவகையில் சரியாகவே இருக்கும். தனித்தனியாகக் கேளுங்கள்: மண்ணிலிருந்து எடுத்ததா, உலையில் வளர்த்ததா? சூடு பண்ணியதா? கண்ணாடி நிரப்பியதா? வந்த பதிலை அப்படியே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுதத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம்.

நகையில் ஹால்மார்க் முத்திரையும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண்ணும் இருப்பதைக் காட்டிக் கல்லையும் நம்பச் சொல்வார்கள். அந்த முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டும், கல்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும், கல்லுக்குத் தனி வரி எழுத வேண்டும். செயற்கைக் கல்லின் எடைக்குத் தங்க விலை கொடுப்பது போன்ற வீண்செலவு வேறு கிடையாது.

விலை உங்களுக்குப் பெரிய தொகை என்றால் கட்டாயம் ஆய்வுக்கூட அறிக்கை வேண்டும். மும்பையில் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ.வின் ஆய்வுக்கூடம் இருக்கிறது, ஜெய்ப்பூரிலும் ரத்தினச் சோதனைக் கூடம் உண்டு; சுவிட்சர்லாந்தின் குபெலின், எஸ்.எஸ்.இ.எஃப். ஆகியவை மிக உயர்ந்த விலைக் கற்களுக்கு. அவர்கள் லென்ஸோடு நிற்க மாட்டார்கள், கல்லுக்குள் இருக்கும் இரும்பு, வனேடியம், கேலியம் போன்றவற்றை அளந்து பார்ப்பார்கள். இயற்கைக் கல்லில் கேலியம் கொஞ்சமாவது இருக்கும், வெர்னுய் கல்லில் அநேகமாக இருக்காது. அறிக்கை வந்ததும் எடையையும் மில்லிமீட்டர் அளவையும் கையிலிருக்கும் கல்லோடு ஒப்பிடுங்கள், அறிக்கை எண்ணை அந்தக் கூடத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வேறு கல்லின் அறிக்கையோடு வரும் கற்கள் இருக்கின்றன.

எதை வாங்குவது என்று கேட்டால், தினமும் போடும் மோதிரத்துக்கு, மகளின் அரங்கேற்ற நகைக்கு, அழகுக்கு என்றால் செயற்கைக் கல்லைச் செயற்கைக் கல் விலைக்குத் தாராளமாக வாங்குங்கள். கடினம் அதேதான், நிறம் அதேதான், பல தலைமுறை தாங்கும். ஜோசியர் சொல்லி ராசிக்கல்லாக வாங்குகிறவர்கள் இயற்கைக் கல்தான் வேண்டும் என்று நினைப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, அந்தப் பணத்தில் கண்ணாடி நிரப்பிய பளபளப்பான பெரிய கல்லை எடுக்காமல், ஒளி புகாத, மங்கலான, எதுவும் செய்யாத சிறிய மைசூர்க் கல்லை எடுங்கள். பார்க்கச் சுமாராக இருக்கும், ஆனால் முழுக்க முழுக்க மண்ணில் விளைந்தது. மறுவிற்பனையை நினைத்து வாங்குகிறவர்கள் அறிக்கை இல்லாத கல் பக்கமே போக வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும் கண்ணாடி நிரப்பாத மாணிக்கத்துக்குப் போதும். எலுமிச்சை, புளி, வினிகர் கொண்டு தேய்க்காதீர்கள். கண்ணாடி நிரப்பிய கல்லாக இருந்தால் எலுமிச்சைச் சாறே அந்தக் கண்ணாடியை அரித்து விரிசலை வெளியே காட்டிவிடும். மோதிரத்தைப் பெரிதாக்கவோ ஒடிந்த கொக்கியைப் பற்றவைக்கவோ பத்தரிடம் கொடுக்கும்போது கல் என்ன வகை என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள், தெரியவில்லை என்றால் ஊதுகுழல் சுடர் படுவதற்கு முன்னால், ஆசிடில் போடுவதற்கு முன்னால், கல்லைக் கழற்றித் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.